910 டொலர் மெயின்டனன்ஸ்: ஃபிளெமிங்டன் பார்க்கில் ஒரு கொண்டோ கைமாறிய கதை

2025 வசந்தத்தில் ரொறன்ரோவின் ஃபிளெமிங்டன் பார்க் பகுதியில் இரண்டு படுக்கையறைக் கொண்டோ (தொடர்மாடியில் சொந்தமாக வாங்கும் வீடு) ஒன்று 499,000 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. 1970களில் எழுந்த தொடர்மாடி, 240 வீடுகள். வீட்டின் அளவு 940 சதுர அடி. நிலத்தடியில் ஒரு வாகனத் தரிப்பிடம், ஒரு லொக்கர். மெயின்டனன்ஸ், அதாவது கட்டடத்தின் பொதுச் செலவுக்கு வீட்டுக்காரர் கட்டும் கட்டணம், மாதம் 910 டொலர். "துடிப்பான பல்லினச் சமூகம், வரப்போகும் ரயில் நிலையத்துக்கு நடை தூரம், வீட்டுக்குள்ளேயே சலவை இயந்திரம், புதுப்பித்த லிஃப்ட்" என்று விளம்பரம் சொன்னது. கடைசியில் அது 485,000 டொலருக்கு ஒரு தமிழ்க் குடும்பத்தின் கைக்குப் போனது.

நான் வீட்டுக்கடன் தரகு வேலையில் இருப்பவன். அந்தக் குடும்பத்தின் கடன் கோப்பு என் மேசையில்தான் இருந்தது. அவர்களின் அனுமதியோடு எழுதுகிறேன். குடும்பமும் கட்டடமும் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி, கணக்குகளை அதற்கேற்பப் பொருத்தியிருக்கிறேன். இந்த விற்பனையில் அதிசயம் எதுவும் இல்லை. அதனால்தான் எழுதத் தோன்றியது. பழைய தொடர்மாடியில் வீடு வாங்கும் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் 910 என்ற எண்ணைக் கண்டதும் அந்த விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பயப்பட வேண்டிய இடம் அதுவல்ல என்பது என் கட்சி.

இடம்

1890களில் ரொறன்ரோ மேயராக இருந்த ரொபர்ட் ஜோன் ஃபிளெமிங்கின் பண்ணை நிலம் இது. 1950களின் இறுதியில் திட்டம் போட்டு, 1960களில் தொடர்மாடிகளாகவும் வரிசை வீடுகளாகவும் கட்டினார்கள். டொன் பள்ளத்தாக்கின் விளிம்பில், டொன் மில்ஸ் சாலையை ஒட்டி நிற்கும் கொங்கிரீட் கோபுரங்கள். புதிதாக நாட்டுக்கு வருபவர்கள் முதலில் இறங்கும் இடங்களில் இதுவும் பக்கத்துத் தோர்ன்கிளிஃப் பார்க்கும் முக்கியமானவை. ஆப்கான், பாகிஸ்தான் குடும்பங்கள், இஸ்மாயிலி முஸ்லிம்கள், பிலிப்பினோக்கள் என்று ஒரே லிஃப்டுக்குள் பல மொழி கேட்கும். நகரம் முழுவதுமே அப்படித்தான். 2021 கணக்கெடுப்பின்படி ரொறன்ரோ நகரவாசிகளில் 46.6 வீதத்தினர் குடிவரவாளர்கள்.

நடந்து போகும் தூரத்தில் வின்ஃபோர்ட் டிரைவில் ஆகா கான் அருங்காட்சியகமும், இந்தியக் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த இஸ்மாயிலி மையமும் இருக்கின்றன. இரண்டும் 2014இல் திறந்தவை. இன்னொரு பக்கம் 1969இலிருந்து பிள்ளைகள் குவிந்த ஒன்ராறியோ அறிவியல் மையம் 2024 ஜூன் 21 முதல் பூட்டிக் கிடக்கிறது. காரணம் பழுதான கூரைப் பலகைகள். கட்டடங்களுக்கு வயதாகும் என்பதை இந்தப் பகுதிக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"பல்லினச் சமூகம்" என்ற சொல்லை விற்பனை விளம்பரங்கள் இரண்டு விதமாகப் பயன்படுத்துகின்றன. விலை உயர்ந்த பகுதியில் அது உணவகங்களைக் குறிக்கும். ஃபிளெமிங்டன் பார்க் போன்ற இடத்தில், "விலை ஏன் இவ்வளவு குறைவு என்று எங்களைக் கேட்காதீர்கள்" என்பதைப் பணிவாகச் சொல்லும். நகர மையத்திலிருந்து இதே தூரத்தில், இதே பரப்பளவில், வேறு அஞ்சல் குறியீட்டில் வீடு தேடினால் ஐந்து லட்சத்துக்குள் கிடைப்பது கஷ்டம். புதுக் கொண்டோக்களில் இரண்டு அறை என்றாலே 700 சதுர அடியைச் சுற்றித்தான், அதிலும் பலவற்றில் ஒரு அறைக்கு யன்னல் இருக்காது, கண்ணாடிக் கதவு மட்டும் இருக்கும். இங்கே இரண்டு அறைக்கும் யன்னல் உண்டு. குசினியில் மேசை போடலாம்.

குடும்பம்

கணவர் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. மனைவி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தாதி உதவியாளர், அநேகமாகப் பின்னேர ஷிப்ட். இரண்டு பிள்ளைகள். ஆண்டு வருமானம் இருவருக்கும் சேர்த்து 118,000 டொலர். கார் கடன் மாதம் 480. சென்ற் ஜேம்ஸ் ரவுனில் ஒற்றை அறை வீட்டில் 1,650 டொலர் வாடகைக்கு இருந்தார்கள். நீண்ட நாளாக இருந்ததால் வாடகைக் கட்டுப்பாடு அவர்களைக் காத்து வந்தது.

உறவினர் எல்லாரும் ஸ்காபரோவைத்தான் சொன்னார்கள். மனைவியும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணை, அங்க எங்கட ஆக்கள் இருக்கினமோ?" இருக்கிறார்கள், ஆனால் ஸ்காபரோ அளவுக்கு இல்லை என்றேன். அவர் வேலை செய்யும் இல்லம் லீசைட் பக்கம். இரவு பதினொரு மணிக்கு ஷிப்ட் முடிந்து ஸ்காபரோவுக்கு இரண்டு பஸ் மாறிப் போவதை விட, ஒரே பஸ்ஸில் டொன் மில்ஸ் வந்து இறங்குவது அவருக்கு முக்கியமாகப் பட்டது. மூத்த பிள்ளைக்கு இன்னும் சில ஆண்டுகளில் மார்க் கார்னோ உயர்பள்ளி. அது எப்போதும் இடமில்லாமல் நிரம்பி வழியும் பள்ளி, ஆனால் கணித அறிவியல் சிறப்பு வகுப்புக்குப் பெயர்போனது. ஆக, முடிவை எடுத்தது பஸ்ஸும் பள்ளியும்.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ளின்டன் ரயில் பாதை 2011இல் வேலை தொடங்கி, 2020இல் ஓடும் என்று சொன்னது. இவர்கள் வீடு பார்த்த நாளிலும் அது ஓடவில்லை. ஒன்ராறியோ லைன் என்ற புதுப்பாதை 15 நிலையங்களோடு இந்தப் பகுதியை நகர மையத்தோடு இணைக்கப் போகிறது. ஃபிளெமிங்டன் பார்க்கிலேயே ஒரு நிலையம் உண்டு, தரைக்கு மேலே தூண்களில். அது ஓடுவது 2030களில்தான். விளம்பரத்தில் அது வரம். டொன் மில்ஸ் சாலையைப் பார்த்த யன்னல் உள்ளவருக்கு அதற்கு முன் சில வருடத் தூசியும் சத்தமும். இந்த வீடு சாலைக்கு மறுபக்கம், பள்ளத்தாக்கைப் பார்த்தது. ரயிலுக்காக விலையில் ஒரு சதமும் கூட்ட வேண்டாம் என்று சொன்னேன்.

கடன் கணக்கில் மெயின்டனன்ஸ் எங்கே வருகிறது

வங்கி உங்கள் வருமானத்தில் எவ்வளவு வீட்டுச் செலவுக்குப் போகலாம் என்று பார்க்கும்போது, மோட்கேஜ் (வீட்டுக்கடன்) தவணை, வீட்டு வரி, வெப்பச் செலவு, அதோடு கொண்டோ மெயின்டனன்ஸில் பாதி ஆகியவற்றைக் கூட்டுகிறது. காப்புறுதி செய்த மோட்கேஜுக்கு இது மொத்த வருமானத்தில் 39 வீதத்தைத் தாண்டக்கூடாது. மற்றக் கடன்களையும் சேர்த்தால் 44 வீதம். அத்தோடு தவணையை உண்மையான வட்டிக்குக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். அந்த வட்டியோடு 2 வீதம் கூட்டிய எண், அல்லது 5.25 வீதம், எது கூடவோ அதற்குப் பார்ப்பார்கள். இதுதான் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்.

இவர்களின் கணக்கு இது. விலை 485,000. முற்பணம் 10 வீதம், 48,500. மீதி 436,500. முற்பணம் 20 வீதத்துக்குக் குறைவு என்பதால் மோட்கேஜ் காப்புறுதி கட்டாயம். 10 வீத முற்பணத்துக்கு அதன் கட்டணம் 3.10 வீதம், அதாவது 13,531 டொலர் சொச்சம். அது கடனோடு சேர்ந்து, மொத்தக் கடன் ஏறக்குறைய 450,030 ஆனது. ஐந்து வருட நிலையான வட்டி 4.3 வீதம், 25 வருடம். மாதத் தவணை 2,441. ஸ்ட்ரெஸ் டெஸ்டில் 6.3 வீதத்துக்கு 2,960. அதோடு வரி 158, மெயின்டனன்ஸில் பாதி 455 (வெப்பச் செலவு மெயின்டனன்ஸுக்குள்ளேயே வருகிறது). கூட்டினால் 3,573, வருமானத்தில் 36.3 வீதம். கார் கடனோடு 41.2. இரண்டும் எல்லைக்குள்.

மெயின்டனன்ஸ் 910க்குப் பதில் 600 ஆக இருந்திருந்தால்? பாதிக் கணக்கில் மாதம் 155 டொலர் வித்தியாசம். அந்த 155க்கு வங்கி ஏறக்குறைய 23,500 டொலர் கூடுதலாகக் கடன் கொடுத்திருக்கும். கூடிய மெயின்டனன்ஸ் உள்ள வீட்டின் விலை சந்தையில் இறங்கி நிற்பதற்கு ஒரு காரணம் இது. வாங்குபவர் எல்லாரும் அந்த அளவு குறைவாகத்தான் கடன் எடுக்க முடியும்.

ஆனால் அந்த 910 எதற்குப் போகிறது என்று பாருங்கள். வெப்பம், தண்ணீர், மின்சாரம், கேபிள், கட்டடக் காப்புறுதி, காவலர், நீச்சல் குளம். இத்தனையும் போக, 230 டொலருக்குக் கொஞ்சம் மேல், பெரிய திருத்தங்களுக்காகச் சேர்க்கும் ஒதுக்கு நிதிக்கு. புதுக் கட்டடத்தில் 600 கட்டுபவர் மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் தனி பில் கட்டுகிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி அவ்வளவு பயங்கரமாக இருக்காது. ஐம்பது வயதுக் கட்டடத்தில் மெயின்டனன்ஸ் குறைவாக இருந்தால்தான் நான் கதிரையில் நிமிர்ந்து உட்காருவேன். எதையோ யாரோ கட்டாமல் தள்ளிப்போடுகிறார்கள் என்று அர்த்தம்.

சான்றிதழ்

முதல் பேச்சில் 490,000க்கு உடன்பாடு. கடன் கிடைப்பதும், கட்டடத்தின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் சர்ட்டிபிகேட்டை வாங்குபவரின் சட்டத்தரணி பார்த்துத் திருப்திப்படுவதும் நிபந்தனைகள். 20,000 டொலர் வைப்பு, விற்பவரின் முகவர் நிறுவனத்தின் நம்பிக்கைக் கணக்குக்குப் போனது. விற்பவர்கள் வயதான தம்பதி, ஓய்வு இல்லத்துக்குப் போகவிருந்தவர்கள்.

வீட்டைப் பார்க்கப் போன அன்று அந்த விற்பனை முகவரே, "நானே உங்களுக்கும் செய்து தருகிறேன், செலவு மிச்சம்" என்றாராம். அதை ஏற்காமல் தங்களுக்கென்று ஒரு முகவரைப் பிடித்தது இவர்கள் செய்த நல்ல காரியம். விற்பவரின் விலையைக் கூட்டப் பாடுபடும் ஒருவர், அதே மேசையில் உங்கள் விலையைக் குறைக்கவும் பாடுபடுவார் என்று நம்புவதற்கு நிறையப் பக்தி வேண்டும்.

ஸ்டேட்டஸ் சர்ட்டிபிகேட் என்பது ஒன்ராறியோ கொண்டோமினியம் சட்டத்தின்படி, கேட்டுப் பணம் கட்டிய யாருக்கும் கட்டட நிர்வாகம் 10 நாளுக்குள் தர வேண்டிய ஆவணக் கட்டு. கட்டணம் 100 டொலருக்கு மேல் போகக்கூடாது. வீட்டுக்காரர் மெயின்டனன்ஸ் நிலுவை வைத்திருக்கிறாரா, கட்டடத்தின் வரவு செலவு என்ன, ஒதுக்கு நிதியில் எவ்வளவு இருக்கிறது, வழக்கு ஏதும் உண்டா, எத்தனை வீடு வாடகைக்குப் போயிருக்கிறது, விதிகள் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கம். புதுக் கொண்டோவை கட்டுநரிடம் வாங்குபவருக்கு மனம் மாற 10 நாள் அவகாசம் உண்டு. கைமாறும் பழைய வீட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது. இந்த நிபந்தனை ஒன்றுதான் பாதுகாப்பு. போட்டி அதிகமான காலங்களில் அதையும் கைவிட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் சின்ன விஷயம். வீட்டுக்குள்ளேயே சலவை இயந்திரம் என்று விளம்பரம் சொன்னதல்லவா? கட்டட விதிகள் அதைத் தடை செய்திருந்தன. பழைய குழாய்கள் தாங்காது, கீழே பொதுச் சலவை அறை இருக்கிறது. இந்த வீட்டுக்கு விதிவிலக்கு எதுவும் பதிவாகவில்லை. குசினி மூலையில் யாரோ களவாக இணைத்தது அது. அதேபோல பல்கனியில் அழகாக மாபிள் ஓடு பதித்திருந்தார்கள். பல்கனியை நீங்கள் மட்டும் பாவித்தாலும் அது கட்டடத்தின் பொதுச் சொத்து. ஓட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கி கொங்கிரீட்டைத் தின்னும். பல்கனித் திருத்த வேலை வரும் நாளில் ஓட்டைப் பெயர்க்கும் செலவு அன்றைய வீட்டுக்காரருக்கு. இரண்டையும் விற்பவரே அகற்றித் தர வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். மனைவிக்கு அந்த இயந்திரம் போனதில்தான் மிகப் பெரிய கவலை. விலை குறைந்தபோது கூட அவர் முகம் தெளியவில்லை.

பெரிய விஷயம் வேறு. சான்றிதழில் ஒரு வழக்கமான வாக்கியம் வரும்: மெயின்டனன்ஸ் கூடுவதற்கான எந்தச் சூழ்நிலையும் நிர்வாகத்துக்குத் தெரியாது, பின்வருவன தவிர. பெரும்பாலான சான்றிதழ்களில் அந்தத் "தவிர"வுக்குப் பின்னால் வெறுமையோ, ஆண்டு வரவு செலவு பற்றிய ஒரு சடங்கு வரியோதான் இருக்கும். இதில் இரண்டு வரி இருந்தது. நிலத்தடித் தரிப்பிடத் திருத்தத்துக்கு விலை கோரல் வந்துவிட்டது. குறைந்த விலையே மதிப்பீட்டை விடக் கூடுதலாக இருப்பதால், நிதி திரட்டும் வழிகளை இயக்குநர் சபை ஆராய்கிறது.

இதன் பின்னணியைச் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் ஒவ்வொரு கொண்டோவும் ஒதுக்கு நிதி ஆய்வு ஒன்றைச் செய்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கூரை, லிஃப்ட், கொதிகலன், யன்னல், தரிப்பிடம் எல்லாம் எப்போது எவ்வளவுக்கு மாற்ற வேண்டி வரும், அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று பொறியியலாளர் கணக்குப் போடுவார். நிலத்தடித் தரிப்பிடம்தான் இந்த நகரத்துப் பழைய கோபுரங்களின் வயிற்று வலி. பனிக்காலம் முழுவதும் கார்கள் சாலை உப்பை உள்ளே இழுத்து வருகின்றன. உப்புத் தண்ணீர் தரைக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு வீங்க, கொங்கிரீட் உடைகிறது. உடைத்தெடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, புதிதாக ஊற்றி, மேலே நீர் புகாத படலம் போட வேண்டும்.

இந்தக் கட்டடத்தின் ஆய்வு அதற்கு 24 லட்சம் டொலர் என்று போட்டிருந்தது. வந்த விலை 36 லட்சம். ஒதுக்கு நிதியில் இருந்தது 19 லட்சம். ஆண்டுச் சேமிப்பு 650,000. 2029இல் எல்லா யன்னல்களையும் மாற்றும் வேலை வேறு வரிசையில் நின்றது.

சட்டத்தரணி காட்டிய இன்னொரு எண்தான் எனக்கு உறைத்தது. கூட இணைத்திருந்த கணக்கறிக்கையில் முந்தைய ஆண்டு ஒதுக்கு நிதிக்குப் போனது 460,000 மட்டும். ஒரே ஆண்டில் 190,000 பாய்ச்சல். கட்டடம் திடீரென்று கிழண்டுவிடவில்லை. பல ஆண்டுகள் மெயின்டனன்ஸைக் கூட்டாமல் வைத்திருந்தார்கள், பிறகு புது ஆய்வு வந்து கையைப் பிடித்தது. கொண்டோ ஆண்டுக் கூட்டங்களில் மெயின்டனன்ஸைக் கூட்ட விடமாட்டோம் என்பவர் சபைக்குத் தெரிவாவதும், அவர் காலத்தில் கட்டாத காசை அடுத்து வாங்குபவர் கட்டுவதும் புதிதல்ல. ஆக 910ஐக் கண்டு ஓடியவர்கள், கட்டடம் உண்மையைப் பேசத் தொடங்கிய முதல் வருடத்தில் ஓடியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, மெயின்டனன்ஸ் குறைவாகவும் தரிப்பிட விலை தெரியாமலும் இருந்தபோது வாங்கியவர்தான் உண்மையில் மாட்டிக்கொண்டவர்.

பேரம்

இந்த வீட்டுக்குப் பொதுச் செலவில் உள்ள பங்கு 0.43 வீதம். அது கட்டடத்தின் பிரகடனப் பத்திரத்தில் எழுதியிருக்கும், மாறாது. தரிப்பிட வேலையின் மதிப்பீட்டுக்கும் வந்த விலைக்கும் இடையில் 12 லட்சம் டொலர் பள்ளம். அதில் இவர்கள் பங்கு 5,160 டொலர். இதை வீட்டுக்காரர்களிடம் ஒரே முறையில் அறவிட்டால் அதற்குப் பெயர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட். கட்ட வேண்டிய நாளில் யார் வீட்டுக்காரரோ அவர்தான் கட்டுவார். கட்டாவிட்டால் வீட்டின் மேல் கொண்டோ நிர்வாகம் கடன் பற்று பதியலாம், அது வங்கியின் மோட்கேஜுக்கும் முன்னால் போய் நிற்கும்.

விற்பவர் ஜூன் நடுவில் கைமாற்ற ஆசைப்பட்டார். வாங்குபவர், சபையின் முடிவு தெரியும்வரை தள்ளப் பார்த்தார். இரு பக்கமும் ஏன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சட்டத்தரணி முதலில் கேட்டது, விற்பனைப் பணத்தில் 6,000 டொலரை ஆறு மாதம் நம்பிக்கைக் கணக்கில் நிறுத்தி வைப்பது. ஓய்வு இல்லத்துக்குக் கட்ட வேண்டும், காசு கிடையில் கிடக்க முடியாது என்று தம்பதி மறுத்தார்கள். அதுவும் நியாயம்தான். கடைசியில் விலையில் 5,000 குறைத்து 485,000, கைமாறும் நாளுக்கு முன் எந்த அறவீடு வந்தாலும் விற்பவர் பொறுப்பு, நாள் ஜூன் இறுதி என்று முடிந்தது.

என்னைக் கேட்டால் 10,000 கேட்டிருக்கலாம். 2025இல் கொண்டோச் சந்தை படுத்துக் கிடந்தது. ஒரே கட்டடத்தில் இன்னும் பல வீடுகள் விற்பனைக்கு நின்றன. யன்னல் வேலையும் கணக்கில் வந்திருக்க வேண்டும். அவர்களின் முகவர் வீட்டை இழந்துவிடப் பயந்தார். வீட்டை இழப்பதற்கு முகவர் பயப்படும் காரணமும் வாங்குபவர் பயப்படும் காரணமும் ஒன்றல்ல.

சீதன வீடு

எல்லாம் சரி என்று இருந்த நேரத்தில், கைமாறுவதற்கு இரண்டு வாரம் இருக்க, சட்டத்தரணி அலுவலகத்தின் படிவத்தில் ஒரு கேள்வி வந்தது: உலகில் எங்காவது உங்கள் பெயரில் வீடு இருந்ததா?

ரொறன்ரோவில் வீடு வாங்குபவர் நிலக் கைமாற்று வரியை இரண்டு தடவை கட்டுகிறார், மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. 485,000க்கு ஒவ்வொன்றும் 6,175, மொத்தம் 12,350. முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் திருப்பித் தருகின்றன. நீங்கள் முதல் வீடு வாங்குபவர்கள்தானே, வரி 3,875தான் வரும் என்று முகவர் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கணக்கை வைத்துத்தான் காசும் ஒதுக்கியிருந்தார்கள்.

மனைவிக்கு யாழ்ப்பாணத்தில் வீடு இருக்கிறது. கலியாணத்துக்கு முன் தாய் தகப்பன் சீதனமாக உறுதி எழுதிக் கொடுத்தது. இப்போது தாய் அதில் இருக்கிறார். வாடகை வருவதில்லை, விற்கும் எண்ணமும் இல்லை. அதை ஒரு சொத்தாக அவர் நினைத்ததே இல்லை. அது அம்மா இருக்கிற வீடு. ஆனால் இந்தச் சலுகைக்கு விதி தெளிவானது. உலகில் எங்கும் வீட்டிலோ வீட்டின் பங்கிலோ உரிமை இருந்திருக்கக் கூடாது. கணவரின் பெயரில் எதுவும் இல்லாவிட்டாலும், திருமணமாகி இருக்கும் காலத்தில் துணைக்கு வீடு இருந்திருந்தால் இருவருக்குமே கிடையாது. 8,475 டொலர் ஒரே கையெழுத்தில் போனது.

பொய் சொல்லிவிடலாமே என்று யாரோ உறவினர் சொன்னாராம். யாழ்ப்பாணக் காணிப் பதிவை ஒன்ராறியோ எங்கே பார்க்கப்போகிறது என்று. பதிவு செய்யும்போது சட்டத்தரணி மூலம் அளிக்கும் வாக்குமூலம் அது, தண்டமும் வட்டியும் பின்னால் வரலாம். மனைவி உண்மையைத்தான் எழுதினார். மகள்மாருக்கு வீடு எழுதிக் கொடுக்கும் வழக்கம் உள்ள எங்கள் சமூகத்தில் இந்த விதி எத்தனை பேரைத் தொடும் என்று யோசித்தால், கடன் பேச வரும் ஒவ்வொரு தம்பதியிடமும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது. நான் இப்போது கேட்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்குக்கு இதே பெண் முதல் வீடு வாங்குபவர்தான். 2023 ஏப்ரலில் தொடங்கிய அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 8,000, வாழ்நாளில் 40,000 போடலாம், வருமான வரியும் குறையும். அதன் விதி, நடப்பு ஆண்டிலும் முந்தைய நான்கு ஆண்டுகளிலும் சொந்த வீட்டில் வசித்தீர்களா என்று மட்டுமே பார்க்கிறது. அவர் 2013இலேயே நாட்டை விட்டு வந்துவிட்டார். முற்பணத்தில் 32,000 இருவரின் அந்தக் கணக்குகளிலிருந்துதான் வந்தது. ஒரே நாடு, ஒரே பெண், ஒரு படிவத்தில் முதல் வீடு, இன்னொன்றில் இரண்டாவது.

வரிச் சலுகை போன 8,475 டொலர் பள்ளத்தை நிரப்பியது சீட்டு. மனைவி வேலை இடத்துத் தோழிகளோடு பிடித்து வந்த சீட்டை முன்கூட்டியே எடுத்தார். இதைத் தவிர மோட்கேஜ் காப்புறுதிக் கட்டணத்துக்கு 8 வீத மாகாண வரி 1,083 டொலர். கட்டணத்தைக் கடனோடு சேர்க்கலாம், அதன் வரியைச் சேர்க்க முடியாது, கையில்தான் கட்ட வேண்டும். பலருக்கு இது கடைசி நாளில்தான் தெரிகிறது. சட்டத்தரணிக் கட்டணமும் வீட்டு உரிமைக் காப்புறுதியும் 2,200 சுற்றி. பழைய வீடு என்பதால் எச்எஸ்டி என்ற விற்பனை வரி இல்லை.

பிறகு

தொடக்கத்தில் மாதம் அவர்கள் கையிலிருந்து போனது தவணை 2,441, மெயின்டனன்ஸ் 910, வரி 158, ஆக 3,509 டொலர். முந்தைய வாடகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இதை மறைத்து "வாடகையாகக் கொட்டுவதை விடச் சொந்த வீடு" என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. முதல் மாதத் தவணையில் 1,598 வட்டி, 843 மட்டுமே முதலுக்கு. திரும்பி வராத காசு என்று வட்டி, மெயின்டனன்ஸ், வரியைக் கூட்டிப் பார்த்தால் 2,666. பழைய வாடகையை விட ஆயிரம் டொலர் கூட. அந்த ஆயிரத்துக்கு அவர்கள் வாங்கியது இரண்டாவது படுக்கையறை, இரவு ஒரே பஸ், யாரும் எழுப்ப முடியாத கூரை. வீட்டு விலை ஏறும் என்ற நம்பிக்கையில் அவர்கள் வாங்கவில்லை, நானும் அப்படி விற்கவில்லை.

அக்டோபரில் சபை முடிவெடுத்தது. 12 லட்சத்தையும் ஸ்பெஷல் அசெஸ்மென்டாக அறவிட்டது. இவர்கள் பங்கு 5,160 டொலர், தவணைக்கு 1,720 டொலராக மூன்று தவணை. விலையில் குறைந்த 5,000 ஏறக்குறைய அதற்குச் சரியாகப் போனது. ஜனவரியில் மெயின்டனன்ஸ் 965 ஆனது. தரிப்பிட வேலை பகுதி பகுதியாக நடப்பதால், தங்கள் வரிசை வரும்போது காரைச் சில மாதம் வெளியே நிறுத்த வேண்டும்.

அறிவித்தல் வந்த அன்று கணவர் தொலைபேசியில் கேட்டார்: "கொண்டோ காப்புறுதியில் அசெஸ்மென்ட் என்று ஒரு வரி இருக்கே அண்ணை, அது இதைக் கட்டாதோ?" கட்டாது. அந்த வரி, தீ, வெள்ளம் போன்ற காப்புறுதிக்குட்பட்ட சேதத்தால் கட்டடம் வீட்டுக்காரரிடம் அறவிடும் தொகைக்கு. வயதாகித் தேய்ந்ததற்கும், முந்தையவர்கள் சேர்க்காமல் விட்ட நிதிக்கும் எந்தக் காப்புறுதியும் இல்லை. முதல் தவணையை நவம்பரில் கட்டினார்கள்.